பனிமூட்டத்தில் ட்ரோன் விலகுவதேன்?



தை மாத விடியற்காலையில் அனுமதி பெற்று அடையாற்றங்கரையில் ட்ரோன் ஏவும் நம் வாலிபர்கள், அது நிறுத்திய இடத்தில் நில்லாமல் தானே நகர்வதாகச் சொல்லுகிறார்கள். திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுவோரும் உண்டு. குளிர்மேல் பழிபோடுவோரும் உண்டு. சென்னைக் குளிர் சுமார் 20 டிகிரி. இதில் பாட்டரி சோர்ந்துபோகாது. அது உதகையில் பேசவேண்டிய சங்கதி.

இங்கே குற்றவாளி ஈரம் என்பதே நமது அபிப்பிராயம். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்ததும் வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்துவிடுகிறது. ட்ரோனின் வயிற்றடியிலுள்ள சிறு காமிரா தரையைப் பார்த்தே இடத்தைப் பிடித்து நிற்கிறது. அந்தக் கண் மங்கினாலும், கீழே பனி ஒரே வெள்ளையாய்த் தெரிந்தாலும் அந்தப் பிடி போயிற்று. ஜி.பி.எஸ்.ஸும் குறைந்தால் காற்று தள்ளிய பக்கம் போகவேண்டியதுதான். ஜி.பி.எஸ்.ஸை மறைப்பது மூடுபனியல்ல, தியாகராய நகரின் உயர்ந்த கட்டிடங்களேயாகும்.

நிற்க, நகராமல் வட்டமடித்தால் திசைகாட்டியைச் சந்தேகியுங்கள். மயிலாப்பூரில் கம்பி போட்ட மொட்டைமாடியில் வைத்துத் திசைகாட்டியைச் சரிசெய்தால் அது சரியாகுமா? இரும்பு அதைக் கெடுத்துவிடாதா? வெட்டவெளி மண்தரைக்குப் போங்கள்.

ஆதலால் காரிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியில் வையுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், சமதரையில் வைத்து இயக்கி, உள்ளிருக்கும் கருவிகள் சூடேற விடுங்கள். தலையுயரத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே மேலேற்றுங்கள்.

2018 போகியில் புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வந்த பெரிய விமானங்களையே வேறூருக்குத் திருப்பின. ட்ரோன் எம்மாத்திரம்? விலகத் தொடங்கினால், வீடு திரும்பும் பொத்தானை நம்பாமல், கண்ணுக்குத் தெரியும்போதே கையால் இறக்கிவிடுங்கள்.