வலி இல்லாத ரத்தப்போக்கும் ஆபத்தே



வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால், ஏதாவது சந்தேகம் வரும்போது அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் உங்களைத்தான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பதில் இரண்டு உயிர்களைக் காப்பாற்றலாம். அதனால்தான் இன்று உங்களிடம் இதைப் பேசுகிறேன்.

பிள்ளை பிறந்தபின் வெளியே வருமே, அதுதான் நஞ்சுக்கொடி. வயிற்றில் உள்ள குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் அதன் வழியாகத்தான் போகின்றன. வழக்கமாக அது கருப்பையின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும். சிலருக்கு மட்டும் கீழே இறங்கி, கருப்பையின் வாயை மூடிக்கொண்டிருக்கும். இதை மருத்துவர்கள் ‘பிளசென்டா பிரீவியா’ என்பார்கள்.

ஏறக்குறைய 20ஆவது வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் இது தெரியும். அப்போதே பயப்பட வேண்டியதில்லை. கருப்பை வளர வளர, பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி மேலே விலகிவிடும். 32ஆவது வார அளவில் மீண்டும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். அந்தச் சந்திப்பைத் தவறவிடக் கூடாது.

இது யாருடைய தவறும் இல்லை. பப்பாளி சாப்பிட்டதாலோ கண் பட்டதாலோ வருவதில்லை. முன்பு சிசேரியன் செய்தவர்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு வரும் வாய்ப்பு கூடுதல்.

கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து மெலியும். அப்போது நஞ்சுக்கொடி சிறிது பிரிந்து, சிவப்பாக ரத்தம் வரும். பலருக்கு வலியே இருக்காது. ஏமாறுவது இங்கேதான். “வலி இல்லையே, உடம்புச் சூடாக இருக்கும், சீரகக் கஷாயம் குடித்துப் படு” என்று சொல்லிவிடாதீர்கள். முதல் முறை தானாக நின்றுவிடலாம். அடுத்த முறை வெள்ளமாக வரலாம்.

ரத்தம் அதிகமாக வந்தால் உடனே 995ஐ அழையுங்கள். குறைவாக வந்தாலும், நின்றுவிட்டாலும், அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள். அது தெரிந்தால், ஸ்கேன் பார்க்காமல் உள்ளே கைவிட்டுச் சோதிக்கமாட்டார்கள். மருத்துவ அட்டையையும், நனைந்த பேட்களையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு ரத்தம் போனது என்று மருத்துவர் கணிக்க அவை உதவும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றை நீவிவிடவும் கூடாது.

மருத்துவமனையில் தாயையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் கண்காணிப்பார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி அடைய ஊசி போடுவார்கள். சிலர் பல நாட்கள் அங்கேயே தங்க நேரிடும்.

வீட்டுக்கு அனுப்பினால், அவரைத் தனியாக விடாதீர்கள். கனமான எதையும் தூக்கவிடாதீர்கள். மூத்த பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போவது, தூரத்துக் கோயிலுக்குப் போவது எல்லாம் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். தாம்பத்திய உறவைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், தம்பதியர் அதைக் கடைப்பிடிக்க இடம் கொடுங்கள். முருங்கைக் கீரை, பருப்பு, மீன் சமைத்துக் கொடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீர், காப்பியுடன் கொடுக்காதீர்கள். அதன் பலன் குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நஞ்சுக்கொடி வாயை மூடியிருந்தால் சுகப்பிரசவம் பாதுகாப்பானதல்ல. வழக்கமாக 36, 37ஆவது வாரத்தில் சிசேரியன் செய்வார்கள். ரத்தப்போக்கு கடுமையானால் அதற்கு முன்பே செய்வார்கள். “நாங்கள் எல்லாம் கத்தி படாமல் பெற்றோமே” என்றோ, நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றோ தடுக்காதீர்கள். மருத்துவர் சொல்லும் நாளே நல்ல நாள்.

உங்கள் மகள் இன்றிரவு, “அம்மா, ரத்தம் வருது, ஆனா வலி இல்லை” என்று சொன்னால் உங்கள் பதில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: “வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”