காமென்ஸ்காவில் தகர்க்கப்பட்ட வெற்றிச் சின்னம்



இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படைகளையும், அவற்றின் துணையோடு குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷா என்னும் பாசிச அமைப்பையும் எதிர்த்து, குரோஷியரும் செர்பியரும் பிறரும் ஒன்றுகூடிக் காட்டிலும் மலையிலும் மறைந்து போரிட்ட மக்கள் படையினர் 'பார்ட்டிசான்கள்' எனப்பட்டனர். ஸ்லவோனியா வட்டாரத்தில் அவர்கள் ஈட்டிய வெற்றியின் நினைவாக, காமென்ஸ்கா என்ற சிற்றூரை அடுத்த குன்றின்மேல் 1968இல் எழுந்த சின்னம் நவீனத்துவச் சிற்பக்கலையின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. அதனை வடித்த வோயின் பாகிச், 1915இல் பியேலொவார் நகரில் செர்பியக் குடும்பமொன்றில் பிறந்து, தம் உடன்பிறந்தோரை உஸ்தாஷாவின் கொலைவெறிக்குப் பறிகொடுத்தவர். ஆதலின் அதனை அரசு ஏவிய வேலை என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

1948இல், குரோஷியாவை உள்ளடக்கிய, டிட்டோ ஆண்ட யூகோஸ்லாவியா ஸ்டாலினிடமிருந்து பிரிந்தபின், வீரனையும் உழைப்பாளியையும் பெருமிதம் பொங்கக் காட்டவேண்டும் என்று விதித்த சோவியத் கலைக்கொள்கையாகிய சோசலிச யதார்த்தவாதத்தின் பிடி அங்கே தளரலாயிற்று. எனினும் சுதந்திரம் எளிதில் கைகூடவில்லை; மார்க்ஸ், எங்கெல்ஸ் நினைவுச் சின்னத்துக்குப் பாகிச் அளித்த மாதிரி 1953இல் நிராகரிக்கப்பட்டது. அவரோ தளராமல், உருவங்களின் புற விவரங்களைப் படிப்படியாக நீக்கி, வடிவமும் ஒளியும் மட்டுமே பொருள் தரும் அருவச் சிற்பத்தை எட்டினார். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பில் உருவான காமென்ஸ்கா சின்னத்தில் துப்பாக்கி ஏந்திய வீரன் இல்லை, கொடி இல்லை. 30 மீட்டர் உயரத்துக்கு வளைந்து விரிந்த துருப்பிடிக்காத எஃகுப் பரப்புகள் வானொளியை வாங்கி, பொழுதுக்கொரு நிறம் காட்டின. மாண்டவர் எந்த இனத்தவர் என்று வினவாத வடிவம் அது. அதன் மேன்மை அங்கேதான் இருக்கிறது.

1991இல் குரோஷியா தன்னைத் தனிநாடாக அறிவித்ததைத் தொடர்ந்து மூண்ட போரில், 1992 ஜனவரி 2 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின் ஏழு வாரங்கள் கடந்து, பிப்ரவரி 21 அன்று, குரோஷியப் படையினரே அச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். குறி தவறிய குண்டின் விளைவு என்று சமாதானம் கூற இதில் இடமே இல்லை. வீழ்ந்த யூகோஸ்லாவிய ஆட்சியின்மீது எத்துணைக் கசப்பு இருந்தாலும், பாசிசத்தை எதிர்த்து மடிந்தவர்களின் நினைவை அழிக்க அது நியாயமாகாது. 1990 முதல் 2000 வரை குரோஷியாவில் அழிக்கப்பட்ட அல்லது சிதைக்கப்பட்ட இத்தகைய நினைவுச் சின்னங்கள் ஏறத்தாழ 3,000. பாகிச் 1992 டிசம்பரில் மறைந்தார்.

பியேலொவாரில் 1991இல் தகர்க்கப்பட்ட அவரது மற்றொரு சிலை 2010இல் மீண்டும் நிறுவப்பட்டது. காமென்ஸ்காவுக்கு அந்த நீதி கிட்டவில்லை.