சட்ட நுழைவுத்தேர்வும் கூடலூர் வழக்கும்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு 2008 முதல் நடத்தப்படும் கிளாட் என்னும் பொது நுழைவுத்தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் கழிக்கப்படும். இதன் முதன்மையான பகுதிகளுள் ஒன்றாகிய சட்டத் தருக்கம், அதாவது பத்தியில் தரப்பட்ட விதியைப் புதிய நிகழ்வொன்றில் பொருத்திப் பார்க்கும் பயிற்சி, சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதால் கைவராது.

நீலகிரி மாணவருக்கு இதற்கான பாடம் தம் மலையிலேயே கிடைக்கிறது. கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை, தேயிலை, காபித் தோட்டங்கள் காட்டுக்குள் மேலும் விரியக்கூடாது என்றும், அவற்றின் நிழல் மரங்களில் நட்டு வளர்த்தவற்றை மட்டுமே வெட்டலாம் என்றும் வரையறுத்தது. அப்படியெனில், நட்ட சில்வர் ஓக் மரத்தின் விதை விழுந்து தானே முளைத்த மரம் எவ்வகையில் அடங்கும்? குன்னூர்த் தோட்டங்களில் அன்றாடம் காணும் மரத்தைக் கொண்டே இவ்வாறு வினா எழுப்பி, இரு தரப்புக்கும் வாதம் எழுதிப் பழகுவது மிகச் சிறந்த பயிற்சியாகும்.

கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுவது தமிழ்வழி பயின்ற தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பெருந்தடையாக இருப்பது வருந்தத்தக்கது. எனினும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. அரசுப் பள்ளி மாணவருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் உண்டு.