பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

(நமது குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் தெருப் பிள்ளைகள் ஒரு செய்தித்தாளைத் தடுமாறாமல் வாசிக்கிறார்களா என்று பார்த்திருக்கிறோமா? மார்க் அட்டை அதைச் சொல்லாது. கேள்வி பதிலை மனப்பாடம் செய்தே மார்க் வாங்கிவிடலாம்.

2005 முதல் பிரதம் அமைப்பு கிராமப்புறங்களில் 'அசர்' என்ற ஆய்வை நடத்துகிறது. வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து, எழுத்து, சொல், 1ஆம் வகுப்புப் பத்தி, 2ஆம் வகுப்புக் கதை என்று வாசிக்கச் சொல்வார்கள். 2022 ஆய்வில், தமிழ்நாட்டின் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பாதிப்பும் அதில் உண்டு.

அதே ஆண்டு ஜூனில் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். இது ரேங்க் அல்ல. அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளும் வழி. ஆகவே, "உன் பிள்ளை இன்னும் அரும்புதானா?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

வீட்டிலேயே பத்து நிமிடத்தில் நாமும் பார்க்கலாம். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடம் ஆகியிருக்கும். புதிய சிறுகதை ஒன்றைக் கொடுங்கள். எழுத்துக் கூட்டுகிறதா, சொல் சொல்லாக வாசிக்கிறதா என்று கவனியுங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "கதையில என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். தீப்பெட்டி வேலைக்குப் போகிற, பள்ளிக்கூடமே போகாத தாயும் இதைக் கேட்கலாம். கதை அவருக்குப் புரிந்தால் பிள்ளைக்கும் புரிந்திருக்கிறது.

பிறகு, இன்று நடந்ததை நாலு வரி சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். ல, ள, ழ மாறியிருந்தால் அப்புறம் திருத்தலாம். சொல்ல வந்தது வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தடுமாறினால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். வகுப்பாசிரியரைப் பார்த்து, "எத்தனை மார்க்?" என்பதற்குப் பதிலாக, "எந்த நிலையில் இருக்கிறான், வீட்டில் எதைப் பழக்கட்டும்?" என்று கேளுங்கள். 5ஆம் வகுப்பிலும் வாசிக்க வராத பிள்ளைக்கு 8ஆம் வகுப்பில் அறிவியலும் புரியாது, கணக்கும் புரியாது. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிடும். அதற்கு முன்னால் நாம் பார்த்துவிட வேண்டும்.