ஆடம்பர மின்கார்: பயணம் ஒருவருக்கு, விலை பலருக்கு

(தில்லியில் போக்குவரத்து, அமைப்புசாராத் தொழிலாளர் சங்க ஊழியர்களுக்காக நடத்தப்பட்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குளிர்காலம் வந்துவிட்டால் தில்லியில் எந்தப் பேச்சும் காற்றைப் பற்றிய பேச்சாகத்தான் தொடங்குகிறது. மாசின் அளவு ஏறியதும் 'கிராப்' எனப்படும் படிப்படியான தடை நடவடிக்கைகளின் மூன்றாம் நிலை அறிவிக்கப்படுகிறது. அதன் பொருளை இந்த அறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டுமான வேலைகள் நிற்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றிலிருந்து கூலி இல்லை. பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் சாலைக்கு வரக் கூடாது. பழைய காரை வாங்கி அதைக் கொண்டு பிழைப்பவர் வீட்டில் அமர்ந்திருக்க வேண்டும்.

அதே நாளில், ஒன்றரைக் கோடி ரூபாய் விலையுள்ள மின்கார் ஒன்று எந்தத் தடையும் இன்றிச் செல்கிறது. ஓசையில்லை, புகையில்லை, பச்சை நிற எண்பலகை மட்டும் பளிச்சிடுகிறது. கூலியை இழந்த தொழிலாளி தூய காற்றுக்காகத் தியாகம் செய்ததாக யாரும் சொல்வதில்லை. காரில் செல்பவருக்கோ சுற்றுச்சூழல் காவலர் என்ற பெயர் கிடைக்கிறது. அந்தப் பச்சைப் பலகைக்கு விலை கொடுத்தது யார் என்பதே இன்று நாம் பேச வேண்டிய பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மின்வாகனத்தை எதிர்ப்பது நமது நிலைப்பாடு அல்ல. புகையைச் சுவாசித்து முதலில் நோயுறுவது போக்குவரத்துக் காவலரும் ஆட்டோ ஓட்டுநரும் சாலையோர வியாபாரியும்தான். ஆகவே நமது போக்குவரத்து மின்மயமாவதை விரும்ப வேண்டியவர்களில் நாமே முதன்மையானவர்கள். அந்த மாற்றத்திற்கான பொதுப்பணம் எந்த வர்க்கத்தின் பைக்குச் செல்கிறது என்பதில்தான் நமக்கும் ஆட்சியாளர்களுக்கும் முரண்பாடு.

ஈர்ப்பின் பொருளாதாரம்

இந்தக் கார்களின் ஈர்ப்பு பொய்யானதல்ல. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு விசையையும் தருகிறது, கியர் இல்லை, அதிர்வு இல்லை. 2022இல் புனே அருகே சாகனில் ஒருங்கிணைக்கப்பட்டு விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் இக்யூஎஸ் காரின் தொடக்க விலை 1.55 கோடி ரூபாய். முன்பக்கத்தின் முழு அகலத்திற்கும் 56 அங்குலக் கண்ணாடித் திரை. பிஎம்டபிள்யூ ஐ7 காரின் பின்னிருக்கையில் அமர்பவருக்கு 31 அங்குலத் திரையரங்கு. இது போக்குவரத்துத் தேவையை நிறைவேற்றும் கருவி மட்டும் அல்ல என்பது எவருக்கும் புரியும்.

மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் நுகர்பொருட்களை அத்தியாவசியப் பொருட்கள், ஆடம்பரப் பொருட்கள் எனப் பிரிக்கிறார். ஆடம்பரப் பொருட்கள் முதலாளி வர்க்கத்தின் நுகர்வுக்குள் மட்டுமே நுழைபவை. அவை உபரி மதிப்பைச் செலவிட்டு வாங்கப்படுபவை. நமது நாட்டில் இன்று புதிதாக நிகழ்ந்திருப்பது என்னவென்றால், அந்தச் செலவில் ஒரு பெரும் பங்கை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வரிக்கு முந்தைய விலை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது பெட்ரோல் கார் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதாவது 40 லட்சம் ரூபாய். அதற்கு முன்பு பெரிய எஸ்யுவிகளுக்கு 28 சதவீத வரியும் 22 சதவீத ஈட்டுத்தீர்வையும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது. அதே விலையில் மின்கார் என்றால் வரி 5 சதவீதம். 5 லட்சம் ரூபாய் மட்டுமே. ஒரே காரில் 35 லட்சம் ரூபாய் சலுகை. அடுத்தது சாலை வரி. தில்லியில் 10 லட்சத்திற்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு 10 சதவீதம். நமது எடுத்துக்காட்டில் 14 லட்சம். 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தில்லி மின்வாகனக் கொள்கையோ, விலை வரம்பு ஏதுமின்றி இதை முழுமையாகத் தள்ளுபடி செய்தது. இரண்டையும் கூட்டினால் 49 லட்சம் ரூபாய்.

இனி, 'ஓட்டச் செலவு மிகக் குறைவு' என்று விளம்பரம் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் கார் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் விலை 100 ரூபாய். செலவு 1.25 லட்சம். மின்கார் ஒரு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறது. யூனிட் 8 ரூபாய். செலவு 16,000. ஐந்தாண்டுகளில் மிச்சம் ஏறத்தாழ 5.5 லட்சம். அரசு தரும் வரிச்சலுகை இதைப் போல் ஒன்பது மடங்கு!

மறுபக்கச் செலவையும் பாருங்கள். ஒரு கோடி ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டுமே ஏறத்தாழ 24.5 லட்சம். நூறு யூனிட்டுக்கும் அதிகமான கொள்ளளவு கொண்ட பேட்டரிக்கு, 2024இன் உலகச் சராசரித் தொகுப்பு விலையான யூனிட்டுக்கு 115 டாலர் என்ற கணக்கில் பார்த்தாலும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அதை மாற்ற நேர்ந்தால் பல ஆண்டுகளின் எரிபொருள் மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும். ஆக, எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக எவரும் ஒரு கோடி ரூபாய்க் கார் வாங்குவதில்லை.

அது நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டால் இன்னொரு சலுகையும் உண்டு. வருமான வரி விதிகளில் சாதாரண மோட்டார் காருக்கு ஆண்டுத் தேய்மானம் 15 சதவீதம். மின்வாகனத்துக்கு 40 சதவீதம். முதலாளி தமது காரின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கை முதல் ஆண்டிலேயே நிறுவனத்தின் செலவாகக் காட்டி, அந்த ஆண்டின் வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு காரும் ஒரு பேருந்தும்

இந்த 35 லட்சம் ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை இன்னொரு அரசுத் திட்டத்துடன் ஒப்பிட்டால்தான் விளங்கும். ஒன்றிய அரசு 2024 அக்டோபர் முதல் 'பிஎம் இ-டிரைவ்' என்ற 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. அதில் 14,028 மின்பேருந்துகளுக்கு ஒதுக்கீடு 4,391 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஒரு பேருந்துக்குச் சராசரியாக 31.3 லட்சம் ரூபாய். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான உழைப்பாளிகளைச் சுமக்கும் பேருந்துக்கு அரசு தரும் மானியத்தைவிட, ஒரு செல்வந்தரின் காருக்கு அரசு விட்டுக்கொடுக்கும் ஜிஎஸ்டி அதிகம்.

மற்றொரு ஒப்பீடு. 2025 செப்டம்பர் வரை மிதிவண்டிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். டீசல் பேருந்துக்கும் சிஎன்ஜி பேருந்துக்கும் 28 சதவீதம். கோடி ரூபாய் மின்காருக்கு 5 சதவீதம். புகையே விடாத வாகனங்களில் முதன்மையானது மிதிவண்டிதான். ஆயினும் அதில் வேலைக்குச் சென்ற தொழிலாளி, மின்காரில் சென்ற முதலாளியைவிட இரு மடங்குக்கும் மேலான விகிதத்தில் வரி செலுத்தியிருக்கிறார். செப்டம்பரில் மிதிவண்டிக்கு 5 சதவீதமாகவும் பேருந்துக்கு 18 சதவீதமாகவும் வரி குறைக்கப்பட்டது. அதை வரவேற்கிறோம். ஆனால் மிதிவண்டியும் கோடி ரூபாய்க் காரும் ஒரே விகிதத்தில் நிற்பதற்குப் பெயர் சமத்துவம் அல்ல.

உழைப்பாளிக்கு உச்சவரம்பு, செல்வந்தருக்குக் கீழ்வரம்பு

இந்தியாவில் விற்பனையாகும் மின்வாகனங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களே. மின்மயமாக்கலைத் தொடங்கி வைத்தவர் பின்னிருக்கைத் திரையில் படம் பார்ப்பவர் அல்ல. இ-ரிக்‌ஷா ஓட்டும் பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளிதான். அவருக்கு வங்கிக்கடன் எளிதில் கிட்டுவதில்லை. தனியாரிடம் வாங்கும் கடனுக்கு வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். ஈய-அமில பேட்டரிகள் ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ தேய்ந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதுக் கடன்.

ஸ்கூட்டருக்குக் கிடைத்த மானியத்தின் கதையையும் கேளுங்கள். 2021 ஜூனில் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாய். 2023இல் 10,000. 2024இல் 5,000. 2025-26இல் 2,500. உணவு விநியோகம் செய்யும் இளைஞர் வாங்கும் வண்டிக்கு மானியம் ஆண்டுக்காண்டு தேய்கிறது. ஆடம்பரக் காரின் 5 சதவீதமோ 2019 ஆகஸ்டு முதல் அசையாமல் நிற்கிறது. அந்த ஸ்கூட்டரும் ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் மானியம் கிடையாது.

வரம்பு வைக்க அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வைக்கும் திசைதான் வேறு. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மின்கார் உற்பத்தி ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்ய ஒப்புக்கொள்ளும் நிறுவனம், ஆண்டுக்கு 8,000 கார்கள் வரை வெறும் 15 சதவீதச் சுங்க வரியில் இறக்குமதி செய்யலாம். 70 சதவீதமும் அதற்கு மேலும் இருந்த வரி 15 ஆகிறது. ஒரு நிபந்தனை: காரின் இறக்குமதி மதிப்பு 35,000 டாலருக்குக் குறையக் கூடாது! தொழிலாளியின் ஸ்கூட்டர் விலை ஏறினால் மானியம் இல்லை. செல்வந்தரின் கார் விலை குறைந்தால் சலுகை இல்லை. வர்க்க அரசு என்றால் என்ன என்று புதிய தோழர்கள் கேட்டால், இந்த இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

சொல்லப்படும் மறுப்புகள்

'ஆடம்பரக் கார்களில் வரும் தொழில்நுட்பம் பிறகு மலிவாகி மக்களுக்கு வந்து சேரும்' என்கிறார்கள். இ-ரிக்‌ஷா எந்த ஆடம்பரக் காரிலிருந்தும் சொட்டி வந்ததல்ல. கேரளத்தின் பொதுத்துறை நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் 2019இல் 'நீம் ஜி' மின் ஆட்டோவை வெளிக்கொணர்ந்தது. அதற்கு எந்தச் சொகுசு காரும் முன்னோடி அல்ல.

'இத்தகைய கார்கள் மிகச் சில. வருவாய் இழப்பு சிறிது' என்பது அடுத்த வாதம். சிலரே என்றால், அந்தச் சிலரிடம் வரி வாங்கத் தயக்கம் ஏன்? மேலும் ஜிஎஸ்டியில் பாதி மாநிலங்களுக்குரியது. ஒவ்வொரு காரிலும் விட்டுக்கொடுக்கப்படும் 35 லட்சத்தில் 17.5 லட்சம் மாநிலத்தின் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் உரிய பணம்.

'சூழலைக் காக்க எந்த விலையும் தகும்' என்பது மூன்றாவது வாதம். நமது மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. தில்லியில் வராத புகை அனல்மின் நிலையம் உள்ள ஊரில் எழுகிறது. ஒருவரைச் சுமக்க இரண்டரை டன் எடையுள்ள காரை நகர்த்துவது, எந்த எரிபொருளில் ஓடினாலும் விரயமே. இரண்டு மூன்று ஆடம்பரக் கார்களின் பேட்டரிகளுக்கு ஆகும் கனிமங்களைக் கொண்டு ஒரு மின்பேருந்தை ஓட்ட முடியும்.

முதலாளித்துவ நாடுகள்கூட வரம்பு வைத்திருக்கின்றன. நார்வே 2023 முதல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி விதித்தது. அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், 55,000 டாலருக்கு மேற்பட்ட சாதாரண கார்களுக்கும் 80,000 டாலருக்கு மேற்பட்ட எஸ்யுவிகளுக்கும் வரிச்சலுகை மறுத்தது. வாங்குபவரின் வருமானத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. சீனா 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஒரு காருக்கான கொள்முதல் வரிச் சலுகை 30,000 யுவானைத் தாண்டக் கூடாது என்றது.

மாற்று உண்டு

நம் நாட்டிலும் இது முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2025-26 பட்ஜெட்டில் தனியார் மின்வாகனங்களுக்கான வரியை விலைக்கேற்ப அடுக்கியது: 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. கர்நாடகம் 2024இல் 25 லட்சத்திற்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீத வரி கொண்டு வந்தது. மகாராஷ்டிரத்தில் நடந்தது வேறு. 2025 மார்ச் பட்ஜெட்டில் 30 லட்சத்திற்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 6 சதவீத வரி முன்மொழியப்பட்டது. அதே மாதத்திலேயே அது கைவிடப்படுவதாக முதலமைச்சர் பட்னாவிஸ் அறிவித்தார். வெங்காய விவசாயியின் கோரிக்கைக்கு இத்தனை விரைவாகப் பதில் கிடைத்ததுண்டா?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மின்வாகன ஜிஎஸ்டியை விலைக்கேற்ப அடுக்க வேண்டும். ஆடம்பரக் காருக்கு ஆடம்பர வரி. சாலை வரி விலக்குக்கு எல்லா மாநிலங்களிலும் உச்சவரம்பு வேண்டும். அந்த வருவாய் பொதுப் பேருந்துக்குச் செல்ல வேண்டும். அதுவும் தனியார் ஒப்பந்ததாரரின் பேருந்தைக் கிலோமீட்டர் கணக்கில் வாடகைக்கு எடுப்பதாக அல்லாமல், அரசுக் கழகமே சொந்தமாக வாங்கி, நிரந்தர ஓட்டுநரையும் நடத்துநரையும் கொண்டு இயக்குவதாக இருக்க வேண்டும். இ-ரிக்‌ஷா ஓட்டுநருக்குப் பொதுத்துறை வங்கியின் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். மாசு நாட்களில் வேலை இழக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு, அவர்கள் நலனுக்கெனத் திரட்டப்படும் தீர்வை நிதியிலிருந்து உரிய நேரத்தில் உதவித்தொகை வேண்டும்.

தோழர்களே, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். காருக்கு 35 லட்சம், பேருந்துக்கு 31.3 லட்சம். பணிமனை வாயிலிலும், இ-ரிக்‌ஷா நிறுத்தத்திலும், வேலை தேடி விடியலில் கூடும் தொழிலாளர் சந்திப்புகளிலும் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். நீண்ட விளக்கம் தேவைப்படாது. தூய காற்று எல்லோருக்கும் உரியது. அதற்கான செலவை உழைப்பவர் மட்டுமே சுமக்க முடியாது என்ற முழக்கம் அங்கிருந்துதான் எழ வேண்டும்.