புதுக் குட்டி வரும் வீடு

வெலிமடைப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் விளையும் காணிகளுக்கு இராக்காவல் பெரும்பாலும் நாய்தான். காட்டுப்பன்றி வரும் அரவத்தை மனிதன் கேட்பதற்கு முன்பே அது கேட்டுவிடும். தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலோ நாய் காவலாளி என்பதிலும் பார்க்கப் பிள்ளைகளின் தோழன் என்பதே பொருந்தும். ஆகவே அத்தகைய நாயொன்று இரத்தபேதி கண்டு இரண்டு மூன்று நாளில் மாண்டுவிட்டால், வீட்டார் உடனே இன்னொரு குட்டியைத் தேடுவது இயல்பே. பிள்ளையின் அழுகையும் ஓயவேண்டும், காணிக்குக் காவலும் வேண்டும் அன்றோ? அயலில் ஈன்ற குட்டியொன்று அந்த வாரமே வந்து சேருகின்றது. பழைய சாக்கிலே படுக்கின்றது. பழைய சிரட்டையிலே பால் குடிக்கின்றது. ஒரு வாரத்துள் அதுவும் வாந்தியெடுக்கத் தொடங்குகின்றது. "இந்த வீட்டுக்கு நாய் இராசியில்லை" என்று அயலார் சொல்லிவிடுவர்.

இராசியின்மீது பழியைப் போடுமுன், முதல் நாய் எந்த நோயால் இறந்தது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். மூக்கும் கண்ணும் ஒழுகி, இருமலும் வலிப்பும் கண்டு நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோயின் கிருமி, நாயின் உடலை விட்டு வெளியேறியதும் வெயிலிலும் சவர்க்காரத்திலும் விரைவில் அழிந்துவிடும். விசர்நோய்க் கிருமியும் வெளியே நெடுநாள் நில்லாது. ஆனால் விசரால் நாய் இறந்த வீட்டில் புதுக் குட்டியைப் பற்றிய பேச்சு பின்னதாகவே இருத்தல் வேண்டும். கடிபட்டவரும் கீறுபட்டவரும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்வதே முதற் கடமை.

இரத்தபேதியை உண்டாக்கும் பார்வோ வைரசின் இயல்போ முற்றிலும் வேறானது. உலகம் இதனை 1978ஆம் ஆண்டிலேதான் இனங்கண்டது. இரண்டே ஆண்டுகளில் அது கண்டங்கள் எங்கும் பரவிவிட்டது. தம் இளமையில் இப்படியொரு நோயைக் கண்டதில்லை என்று முதியோர் சொல்வாராயின் அது வெறும் பழம்பெருமையன்று. இக்கிருமி மனிதரைத் தொற்றாது. எனினும் மனிதரின் செருப்பிலே ஏறிப் பயணஞ் செய்யும். நிழலும் ஈரமும் குளிருமுள்ள மண்ணில் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும், உயிர்ப்புடன் கிடக்கும். வெலிமடையின் பனியும் குளிரும் கிழங்குக்கு நல்லவை, இக்கிருமிக்கும் நல்லவையே.

சாதாரண சவர்க்காரம் இதனைக் கொல்லாது. துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்கிற்கு 30 பங்கு நீர் கலந்து, 10 நிமிடமேனும் ஈரமாய் நிற்கவிட்டாலே சீமெந்துத் தரை தூய்மையாகும். அதற்கு முன் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிடுதல் வேண்டும். அழுக்கிருப்பின் குளோரின் வலுவிழக்கும். சாக்கையும் சிரட்டையையும் எரித்துவிடுவதே சிக்கனம். மண் வாசலுக்கு இம்முறை அதிகம் பயன்படாது. அங்கே வெயிலும் காலமுமே மருந்து.

அத்தனை காலம் காத்திருக்க இயலாதவர்க்கும் வழியுண்டு. முறைப்படி ஊசிகள் யாவும் பெற்ற வளர்ந்த நாயொன்றை ஏற்றுக்கொள்ளலாம். குட்டியே வேண்டுமெனின், அது முந்திய வீட்டிலேயே ஊசிகளை முடித்துக்கொண்டு வருதல் நலம். ஒரே ஊசி போதாதா என்று கேட்போர் பலர். தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அதுவே தடுப்பூசியையும் செயலற்றதாக்கிவிடும். அச்சக்தி எந்த வாரத்தில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆதலின் ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, 16 வாரம் நிறையும்வரை ஊசி தொடர்கின்றது. விசருக்கான ஊசி வேறு, அதனை மறத்தலாகாது.

லயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வாசல் ஒருவருடையதன்று, பத்து வீட்டு நாய்களும் அதிலேதான் நடமாடும். ஒரு வீட்டார் எத்துணை கழுவினும், அடுத்த வீட்டு நாய்க்கு ஊசியில்லையேல் கிருமி மீண்டும் வந்துசேரும். எனவே மிருக வைத்தியரை நாடும்போது லயத்தார் கூடிப் பேசி எல்லா நாய்களையும் ஒருங்கே கொண்டுசெல்வது பயன்தரும். கடைசி ஊசி ஏற்றி இரண்டு வாரம் கழியும்வரை குட்டி வீட்டுக்குள்ளேயே வளரட்டும். செருப்புகள் வெளியே கிடக்கட்டும். பீலிக்கரைக்கு அதனைத் தூக்கிச்செல்லப் பிள்ளைகள் துடிப்பர். அந்நாள் எது என்பதை நாட்காட்டியில் வட்டமிட்டு அவர்களிடமே காட்டிவிடலாம்.