காரி வரும் வரை



ஒரு சாகசக் கதை நம்மை எப்படிப் பிடித்து உட்கார வைக்கிறது, அதில் வரும் மனிதர்களுக்கு எப்படி உயிர் வருகிறது என்று பேசச் சொல்லியிருந்தீர்கள். அதற்குக் கதை தேடி நான் தூரம் போகவில்லை. கொடைக்கானலிலிருந்து இறங்கி வத்தலக்குண்டில் பஸ் மாறுகிறோமே, அந்த ஊர் தமிழ் உரைநடைக்கு மூன்று பேரைக் கொடுத்த ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டு இளம் வயதிலேயே போய்விட்ட ராஜம் ஐயர் ஒருவர். 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கான பத்திரிகையாக்கி நடத்திய பி.எஸ். ராமையா இன்னொருவர். மூன்றாமவர், அந்த மண்ணில் வளர்ந்து, 'மணிக்கொடி'யில் எழுதிப் பழகி, பிறகு 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா. அதே 1959இல் புத்தகமாக வந்த அவருடைய 'வாடிவாசல்'தான் இன்று என் பேச்சு.

சிறுகதை என்று சொல்லக் கொஞ்சம் நீளம், நாவல் என்று சொல்லச் சின்னது. ஒரே இருப்பில் படித்துவிடலாம். கதை நடப்பதும் ஒரே பிற்பகலில்தான், ஒரு சல்லிக்கட்டுத் திடலில்தான். செல்லாயி சல்லிக்கட்டு. மாடு வெளியே வருகிற அந்தக் குறுகலான வாசல், வாடிவாசல். அதன் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தில் இரண்டு பேர். ஒருவன் பிச்சி. இன்னொருவன் அவன் மச்சான் மருதன். வெளியூர்க்காரர்கள். காரி என்ற காளைக்காக வந்திருக்கிறார்கள். அது ஜமீன்தாரின் காளை. பிச்சியின் அப்பன் அம்புலி பேர்போன மாடுபிடி வீரன். அவனைக் குத்திச் சாய்த்த காளை இந்தக் காரி. மகன் அந்தக் கடனைத் தீர்க்க வந்திருக்கிறான். கதை அவ்வளவுதான்.

"இதில் மர்மம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியாகிவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நம்மில் பலர் மர்மம் என்றால் மறைப்பது என்று நினைக்கிறோம். கொலை செய்தது யார், பெட்டிக்குள் என்ன இருக்கிறது, முகமூடிக்குப் பின்னால் யார். மறைத்தது வெளிப்பட்டதும் அந்தக் கதை தீர்ந்துபோகும். இரண்டாம் முறை படிக்க முடியாது. செல்லப்பா எதையும் அதிக நேரம் மறைத்து வைப்பதில்லை. யார் வந்திருக்கிறான், எதற்கு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுகிறார். பிறகு நம்மைக் காத்திருக்க வைக்கிறார். காரியைக் கண்ணில் காட்டாமல், அதைப் பற்றிப் பேச மட்டும் விடுகிறார்.

பேசுகிறவர் யார்? வாடிவாசல் ஓரத்தில் இடம் பிடித்து நிற்கிற ஒரு கிழவர். எத்தனையோ வருடத்துச் சல்லிக்கட்டைப் பார்த்த மனுஷர். எந்த மாடு யார் வீட்டு மாடு, எது ஓடும், எது நிற்கும், யார் எந்த வருடம் எந்த மாட்டிடம் விழுந்தான், அத்தனையும் அவர் நாக்கு நுனியில். பக்கத்தில் நிற்பது அம்புலியின் மகன் என்று தெரியாமலேயே அவர் அம்புலியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். பிச்சி கேட்டுக்கொண்டு நிற்கிறான். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் நெஞ்சை அழுத்துகிற இடம் இது. மாட்டுக் கொம்பு இன்னும் வரவேயில்லை. செத்துப்போன அப்பனின் புகழை ஒரு வேற்று மனிதர் வாயால் மகன் கேட்கிறான். அந்த மௌனத்தில் பிச்சி யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. "பிச்சி ரோசக்காரன், அப்பன் மேல் உயிரையே வைத்திருந்தான்" என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இடம் பாழாகியிருக்கும். அவர் எழுதவில்லை. பேச்சை மட்டும் கொடுத்திருக்கிறார், அதுவும் மதுரைப் பக்கத்து வாய்ப்பேச்சை, அப்படியே.

அந்தக் கிழவர் இன்னொரு வேலையும் செய்கிறார். சல்லிக்கட்டு என்றால் என்னவென்றே தெரியாதவரும் இந்தக் கதையைப் படிக்க நேரும். திமிலை அணைப்பது எப்படி, வாலைப் பிடிப்பது ஏன் இழுக்கு, காளை தவ்வும்போது எத்தனை தவ்வு வரை தொங்கினால் அது பிடி, இதெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டும். முதலில் வருகிற சின்னச் சின்ன மாடுகளை வைத்து இதையெல்லாம் செல்லப்பா சொல்லித்தந்துவிடுகிறார். ஒரு மாடு வரும், கிழவர் ஒரு வார்த்தை சொல்வார், ஒருவன் பாய்வான், விழுவான். அடுத்த மாடு. இப்படி நமக்கே தெரியாமல் நாம் விளையாட்டின் சட்டம் தெரிந்தவர்களாகிவிடுகிறோம். காரி வாசலுக்கு வரும்போது ஆசிரியருக்கு விளக்கிச் சொல்ல எதுவுமே மீதமில்லை. அந்தச் சில பக்கங்களில் கொம்பும் திமிலும் கையும் காலும் மட்டும்தான். எழுதிப் பார்க்க ஆசைப்படுகிற தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சக்கட்டத்தின் நடுவில் நின்று பாடம் நடத்துகிற கதைகளை நான் நிறையப் படித்துவிட்டேன். பிடி தளர்வது அங்கேதான்.

பிச்சி எல்லா மாட்டின் மேலும் பாய்வதில்லை. இதையும் கவனிக்க வேண்டும். கை துறுதுறுக்கிற வயசு, சுற்றிலும் ஆர்ப்பரிக்கிற கூட்டம், கண்ணெதிரே மாடுகள். அவன் எந்த மாட்டை விடுகிறான் என்பதிலேயே அவன் யாரென்று தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற மருதனுக்கும் அங்கே வேலை இருக்கிறது. பிச்சியின் முகத்தில் காட்ட முடியாத பயத்தை மச்சான் முகத்தில் வைத்திருக்கிறார் செல்லப்பா. தங்கச்சி புருஷனோ அக்கா புருஷனோ பக்கத்தில் நின்றால் வீரனுக்குத் தைரியம் என்பது சரி. ஆனால் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பெண்களிடம் பதில் சொல்ல வேண்டியவன் அல்லவா? மருதன் நிற்பதாலேயே வீடும் அங்கே வந்து நின்றுவிடுகிறது.

இனிக் காரிக்கு வருவோம். இதை இந்த மலை ஊரான வில்பட்டியில் சொல்வது எனக்கு எளிது. இந்த மலையில் காட்டுமாட்டை நேருக்கு நேர் பார்க்காதவர் யார் இருக்கிறீர்கள்? ஆயிரம் கிலோ வரை வளர்கிற மிருகம். ராத்திரி உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்குகிறது, காலையில் பாதை ஓரத்தில் நிற்கிறது. ஓடுகிற காட்டுமாட்டைக் கண்டால் உங்களுக்கு அவ்வளவு பயமில்லை, அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகிறது. தலையைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நிற்கிறதே, அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. அது என்ன நினைக்கிறது என்று நமக்குத் தெரியாது. காரி அப்படிப்பட்ட காளை. வாசலிலிருந்து பாய்ந்து கூட்டத்தைக் கடந்து தப்பி ஓடுகிற மாடு இல்லை. நிற்கும். ஆளைப் பார்க்கும். கொம்பைச் சுழற்றி இடம் எடுத்துக்கொள்ளும். அந்த நிதானத்தினால்தான் காரி ஒரு மிருகம் என்பதைத் தாண்டி ஒரு பாத்திரமாகிறது. தமிழில் முல்லைக்கலி ஏறு தழுவுதலைப் பாடிய காலத்திலேயே ஒவ்வொரு ஏற்றுக்கும் நிறமும் குணமும் கொடுத்துத்தான் பாடினார்கள். அந்த மரபின் நீட்சியாகவே காரியை நான் பார்க்கிறேன்.

மிருகத்தின் மனதை நினைத்துப் பார்க்க வைக்கிற இந்த வேலையை உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருவர் செய்திருக்கிறார், அவரையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கானல், 1924இல் ஒரு சிறுகதை எழுதினார். ஆங்கிலம் படிக்கிற பள்ளிப் பிள்ளைகளில் பலர் அதைப் படித்திருப்பார்கள். ரெய்ன்ஸ்ஃபோர்ட் என்ற வேட்டைக்காரன் கப்பலில் போகிறான். வேட்டையாடப்படுகிற மிருகத்துக்கு என்ன உணர்ச்சி இருக்கப்போகிறது என்று நண்பனிடம் அலட்சியமாகப் பேசுகிறான். அன்று இரவே கடலில் விழுந்து ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே ஸாரோஃப் என்ற சீமான், மிருக வேட்டை அலுத்துப்போய், மனிதர்களை வேட்டையாடிக்கொண்டிருக்கிறான். வேட்டைக்காரன் வேட்டை மிருகமாகிறான். புதரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது, தான் கப்பலில் அலட்சியமாகச் சொன்ன சொல்லுக்கு ரெய்ன்ஸ்ஃபோர்டே பதில் கண்டுபிடிக்கிறான். அருமையான கட்டுமானம். முதல் பக்கத்தில் போட்ட விதை கடைசியில் முளைக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஸாரோஃப் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததுமே அவன் கெட்டவன் என்று தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு யார் ஜெயிப்பார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. வாடிவாசலில் கெட்டவன் என்று நீங்கள் யாரைக் காட்டுவீர்கள்? காரியையா? அது தன்னைத் தொட வந்தவனைக் குத்தியது. அதற்கு இது விளையாட்டு என்று யாரும் சொல்லித்தரவில்லையே! ஜமீன்தாரையா? அவர் பிச்சிக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பிச்சி காரியை அணைந்து, தவ்வல்களைத் தாங்கி, தொடையில் கொம்பு கிழித்தும் விடாமல் பிடித்துவிடுகிறபோது, அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அவர் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொள்கிறார்.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். மகன் ஜெயித்தான், அப்பன் ஆத்மா குளிர்ந்தது. சாதாரணக் கதாசிரியர் முடித்திருப்பார். கொட்டு அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். செல்லப்பா அங்கே முடிக்கவில்லை. பிடிபட்ட காரி வெறிகொண்டு ஓடுகிறது, எதிரில் பட்டவர்களைக் குத்துகிறது. ஆற்று மணலில் வைத்து அதை ஜமீன்தாரே சுட்டுக் கொன்றுவிடுகிறார்.

வெறிபிடித்த மாட்டை வேறென்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். ஜமீன்தார் கொடூரமானவர், மானம் போனதும் மாட்டைக் கொன்றார் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் நான் முழுதாக ஏற்கவில்லை. அந்தப் பிற்பகல் முழுதும் மேடையில் உட்கார்ந்திருந்தாரே அந்த மனிதர், அவரையும் செல்லப்பா நம் கண்ணில் படும்படியாகத்தான் வைத்திருந்தார். நாம்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். காரி அவருடைய அந்தஸ்து. ஊரெல்லாம் அதைத் தொடப் பயந்தால் ஊரெல்லாம் அவருக்குப் பயப்படுகிறது என்று கணக்கு. ஒரு வெளியூர்ப் பையன் அதன் திமிலில் தொங்கிய அந்த நொடியில் அந்தக் கணக்கு உடைந்துபோனது. பிச்சியை அவர் ஒன்றும் செய்ய முடியாது, அது விளையாட்டின் தர்மம். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் மீதி இருந்தது காரி மட்டும்தான். ஊருக்காகச் சுட்டாரா, தனக்காகச் சுட்டாரா? அவருக்கே தெரிந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் அந்தத் துப்பாக்கிச் சத்தம் இன்றும் எனக்குள் ஓயவில்லை. கதையின் உண்மையான மர்மம் அந்த ஜமீன்தாருக்குள் இருந்திருக்கிறது, இரண்டாம் முறை படிக்கும்போது அவர் முகத்தைத்தான் தேடுவீர்கள்.

பிச்சிக்கு ரோசம். காரிக்கும் ரோசம். ஜமீன்தாருக்கும் ரோசம். மூன்றும் ஒரே வாசலில் சந்திக்கின்றன, ஒன்று மட்டும் உயிரோடு மிஞ்சாமல் போகிறது. பாத்திரப் படைப்பு வேறு, விறுவிறுப்பு வேறு என்று பிரித்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஆட்களை இவ்வளவு கிட்டத்தில் தெரிந்துகொண்டதால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை போட்டதும், 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், 2023இல் வந்த தீர்ப்பும் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கில் தங்கள் பக்கத்துக்குச் சாட்சி தேடி இந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் உண்டு. அப்படிப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீரம் பெரிது என்பவருக்கு ஆற்று மணலில் கிடக்கிற காரி பதில் சொல்லும். கொடுமை என்பவருக்கு அந்தக் கிழவரின் கண்ணில் இருக்கிற பிரியம் பதில் சொல்லும்.

செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைக் கைக்காசு போட்டு நடத்தியவர். தன் வெளியீடுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவருடைய பெரிய நாவல் 'சுதந்திர தாக'த்துக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல், 1998லேயே அவர் மறைந்துவிட்டார். அப்படிச் சுமந்து திரிந்த மனிதரின் புத்தகம் இந்த மலை ஊர் நூலகத்துக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. என்னிடமிருந்த பிரதியை நூலகர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கூட்டம் கலைந்ததும் யாராவது ஒரு பெரியவர் கிழவராக இருங்கள், தம்பிகளில் ஒருவர் பிச்சியாக, இன்னொருவர் மருதனாக இருங்கள். முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும், அது காதுக்காக எழுதிய பேச்சு. தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை, மதுரைப் பேச்சு மலைப் பேச்சாக மாறினாலும் பரவாயில்லை. காரி வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். மீதியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டும்.